கூப்பிடாத பேரு

உக்காருங்க, உக்காருங்க. பெஞ்சுல தாராளமா இடமிருக்கு. பையைக் கீழ வைக்காதீங்க, எறும்பு ஊருது. பென்ஷன் நேர்காணலுக்குத்தானே வந்திருக்கீங்க? நானும் அதுக்குத்தான். வருஷத்துக்கு ஒரு தடவை கருவூலத்துக்கு வந்து, அய்யா சாமி, நான் இன்னும் சாகலைன்னு நேர்ல நின்னு காட்டிட்டுப் போகணும். நல்ல வேடிக்கைதான். செத்தவ எவளாவது வந்து செத்துட்டேன்னு சொல்லப் போறாளா?

டோக்கன் கீக்கன் ஒண்ணும் கிடையாதுங்க. பென்ஷன் புத்தகத்தை அந்த ஜன்னல்ல குடுத்துட்டு வந்து உக்காந்தா, பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க. என் பேரு மங்கையர்க்கரசி. கூப்பிட்டு எனக்குக் கேக்கலைன்னா கொஞ்சம் தட்டிச் சொல்லுங்க. இடது காது மந்தம். சர்வீஸ் முழுக்கப் பள்ளிக்கூட மணிக்குப் பக்கத்துலயே இருந்த காது. ஆமா, டீச்சர்தான். கடைசியில எச்.எம்மா இருந்து ரிட்டயர் ஆனேன்.

நீங்க? ஓ, குடும்பப் பென்ஷனா. உங்க சார் நெடுஞ்சாலைத் துறையா? பாவம். என் வீட்டுக்காரரும் போயிட்டாரு. அவரு மட்டும்தாங்க என்னை அரசின்னு கூப்பிடுவாரு. எங்க அம்மாகூட அப்படிக் கூப்பிட்டதில்லை.

தண்ணியா? வேண்டாங்க, நீங்க குடிங்க. காலையில எந்திரிச்சதுலேர்ந்து நான் ஒரு வாய் குடிக்கலை. இங்க பாத்ரூமைப் பூட்டி வச்சிருக்கான். சாவி அந்த ஜன்னல்காரத் தம்பிகிட்ட இருக்கு. இத்தனை ஆம்பளைங்க உக்காந்திருக்காங்க, நடுவுல எந்திரிச்சுப் போயி, தம்பி பாத்ரூம் சாவி குடுன்னு கேக்க முடியுமா? அதுக்குக் குடிக்காமலே இருந்துட்டுப் போயிடலாம்.

என் பையன் சொன்னான், எதுக்கும்மா அலையறே, போஸ்ட்மேன் வீட்டுக்கே வந்து கைரேகை வாங்கிட்டுப் போவாரு, முடிஞ்சுதுன்னு. வேண்டாம்னுட்டேன். நல்ல பையன், குறை சொல்லக் கூடாது. எனக்கு மாடியில தனி ரூம் கட்டிக் குடுத்திருக்கான். தனி பாத்ரூம், தனி டிவி, வெளியிலேர்ந்தே ஏறுற தனிப் படி. யார் தொந்தரவும் இல்லாம ராணி மாதிரி இருக்கலாம்மான்னான். சாப்பாடும் வேளா வேளைக்கு மேலயே வந்துரும். கீழேர்ந்து குரல் மட்டும் கேக்கும். மேல குடுத்தாச்சா? மேல டம்ளர் வந்துருச்சா? இப்ப என் பேரே 'மேல' தாங்க. சிரிக்காதீங்க, நெசமாத்தான்.

யாரையோ கூப்பிடுறான். மாரியப்பன். நம்ம பேரில்லை. பாருங்க அந்தப் பெரியவரு எப்படி விறைச்சுக்கிட்டு எந்திரிக்கிறாருன்னு. ரிட்டயர்ட் போலீஸா இருக்கும்.

உங்க மடியில இருக்கிறது இன்னைக்குப் பேப்பரா? அதுல நடுப்பக்கம் படிச்சீங்களா? நானும் காலையில படிச்சேன். திருநங்கைப் பிள்ளைங்களை, அப்படி ஆகலாமான்னு தவிக்கிற பிள்ளைங்களை, பள்ளிக்கூடத்துல எப்படி நடத்தணும்னு விதி வேணுமாம். யாரோ ஒருத்தர் நீட்டி முழக்கி எழுதியிருக்காரு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. இவங்க இப்பத்தான் எழுதுறாங்க. நான் அப்பவே விதி போட்டு நடத்திக் காட்டினவ. ஒருத்தர் வந்து என்கிட்டக் கேட்டதுண்டா? கேக்க மாட்டாங்க.

சொல்றேன் கேளுங்க. எப்படியும் நம்மளைக் கூப்பிட நேரமாகும்.

ஒன்பதாவது 'பி'யில ஒரு பிள்ளை. அட்மிஷன்ல பேரு கோகுலகண்ணன். கணக்குல புலி. ஒரு நாள் காலையில பிரேயருக்குப் பசங்க வரிசையில நிக்காம, பொம்பளப் பிள்ளைங்க வரிசையில, கடைசில போயி நின்னுருச்சு. யாரையும் இடிக்கலை, பேசலை. கையைக் கட்டிக்கிட்டு வாழ்த்துப் பாடுது, அவ்வளவுதான். ஸ்கூலே சிரிக்குது. பி.டி. சார் விசிலை ஊதிக்கிட்டுப் போயி காதைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வர்றாரு. நான் மேடையிலேர்ந்தே சொன்னேன், சார், காதை விடுங்க. என் ஸ்கூல்ல எந்தப் பிள்ளை மேலயும் கை படக் கூடாது. அன்னைக்கு நான் போட்ட சத்தத்துல மைதானமே கப்சிப்.

இதை ஏன் சொல்றேன்னா, என்னை யாரும் கெட்டவன்னு சொல்லிடக் கூடாது பாருங்க. வேற எச்.எம்மா இருந்தா அன்னைக்கே டி.சி.யைக் கிழிச்சுக் கையில குடுத்திருப்பாங்க.

ரூமுக்குக் கூட்டிட்டு வந்து, என்னடா உனக்குன்னேன். டா போடாதீங்க மேடம்னுச்சு. மெதுவாத்தான் சொன்னுச்சு. சரி, அப்ப டி போடணுமான்னேன். கண்ணு கலங்கிருச்சு. அன்னையிலேர்ந்து அந்தப் பிள்ளைக்கு டாவும் கிடையாது டியும் கிடையாது. ஸ்டாஃப் எல்லாருக்கும் சொல்லிட்டேன்.

அதுவா ஒரு பேரு வச்சிருந்துச்சு. நிரஞ்சனா. ஏது இந்தப் பேருன்னு கேட்டேன். அவங்க அம்மா, பொம்பளப் பிள்ளை பொறந்தா வைக்கணும்னு எடுத்து வச்சிருந்த பேராம். பொறக்கவே இல்லை. சும்மாதானே மேடம் கிடக்கு, நான் எடுத்துக்கிறேனேன்னுச்சு. எனக்குப் பாவமாப் போச்சுங்க. நெசமாவே பாவமாப் போச்சு.

அதுக்கு முன்னாடி வருஷம் எங்களை ஒரு நாள் பயிற்சிக்குக் கூப்பிட்டிருந்தாங்க. டீ, பிஸ்கட் எல்லாம் உண்டு. எந்தப் பிள்ளையையும் பாகுபாடு இல்லாம நடத்தணும், அவமானப்படுத்தக் கூடாதுன்னாங்க. எப்படின்னு கேட்டா ஒருத்தருக்கும் சொல்லத் தெரியலை. அதனால நானே உக்காந்து யோசிச்சேன். பாம்பும் சாகணும், கம்பும் ஒடியக் கூடாது. பிள்ளையையும் யாரும் கிண்டல் பண்ணக் கூடாது, ஊர்க்காரனும் வாசல்ல வந்து நிக்கக் கூடாது.

பிரேயர்ல அந்த வரிசையும் வேண்டாம், இந்த வரிசையும் வேண்டாம். கொடிக்கம்பத்துக்குப் பக்கத்துல, தனியா, என் பார்வையில நிக்கட்டும்னுட்டேன். எவனாவது ஒரு வார்த்தை பேச முடியுமா அங்க? பாத்ரூமுக்கு ஸ்டாஃப் பாத்ரூமையே திறந்து விட்டேன். சாவி என் மேஜையில. வந்து கேட்டு வாங்கிக்கிட்டுப் போகலாம். கிளாஸ்லயும் தனி பெஞ்சு. பசங்க பக்கமும் இல்லை, பொண்ணுங்க பக்கமும் இல்லை. பின்னாடி கதவுக்கு மறைவா ஒரு மூலை இருக்கும், அங்க போடச் சொன்னேன். கிண்டல் பண்ற கண்ணுலயே படாது பாருங்க. சட்டை, பேண்ட்டுதான், ஆனா முடியைக் காலருக்குக் கீழ வரைக்கும் விட்டுக்கலாம்னு அனுமதி. எந்த ஸ்கூல்ல விடுவாங்க, சொல்லுங்க?

ஒரே ஒரு சிக்கல்தான் நின்னுச்சு. அட்டெண்டன்ஸ்.

கோகுலகண்ணன்னு கூப்பிட்டா அந்தப் பிள்ளை தலையைக் குனிஞ்சுக்குது, வாயைத் திறக்க மாட்டேங்குது. கிளாஸே திரும்பிப் பாக்குது. ஜாஸ்மின் டீச்சர்னு ஒரு சின்னப் பொண்ணு, கணக்கு டீச்சர், அவங்கதான் அந்தக் கிளாஸுக்குப் பொறுப்பு. நிரஞ்சனான்னே கூப்பிட்டுடறேன் மேடம், அந்தப் பிள்ளைக்குச் சந்தோஷமா இருக்கும்னு வந்து நிக்கிறாங்க. இன்னைக்கு நீங்க கூப்பிடுவீங்க, நாளைக்கு ஊரே வந்து கூப்பிடும், ஊர் வாயை மூட உலைமூடி உங்ககிட்ட இருக்கான்னேன். அப்புறம் யோசிச்சேன். கூப்பிட்டாத்தானே தகராறு? எந்தப் பேரையும் கூப்பிட வேண்டாம். முப்பத்தொன்பதாம் நம்பர் வந்தா நிமிர்ந்து ஒரு தடவை பாருங்க. இருந்தா இருக்கு. போட்டுட்டு நாப்பதைக் கூப்பிடுங்கன்னுட்டேன்.

எவ்வளவு சுலபம் பாத்தீங்களா? எனக்கே பெருமையா இருந்துச்சு. வேற ஸ்கூல் எச்.எம். ரெண்டு பேருக்கு ஃபோன் பண்ணிச் சொன்னேன்.

அதுக்கப்புறம் ஒரு பிரச்சனை இல்லைங்க. அடிதடி இல்லை, கிண்டல் இல்லை. சொல்லப்போனா அந்தப் பிள்ளைகிட்ட யாரும் எதுவுமே பேசறதில்லை. மொதல்ல ரெண்டு மூணு நாள் சாவி கேட்டு வந்துச்சு. என் ரூம்ல யாராவது இருந்துகிட்டே இருப்பாங்க இல்லையா, பெற்றோர், ஆபீஸருன்னு. வாசல்ல நின்னு நெளியும். என்னன்னு நான் சத்தமாக் கேட்டா, ஒண்ணுமில்ல மேடம்னு போயிடும். அப்புறம் வர்றதே நின்னுபோச்சு. சரி, பழகிருச்சு, நல்ல கட்டுப்பாடான பிள்ளைன்னு நினைச்சுக்கிட்டேன். தண்ணி பாட்டில்கூடக் கொண்டு வர்றதில்லை. ஒரு நாள் பிரேயர்ல மயங்கி விழுந்துச்சு. காலையில சாப்பிடாம வந்திருக்கும். வளர்ற பிள்ளைங்க எங்க ஒழுங்காச் சாப்பிடுதுங்க? நான்தான் தூக்கி உக்கார வச்சேன். உதடெல்லாம் வெடிச்சுக் கிடந்துச்சு. ஒரு சொம்புத் தண்ணியை ஒரே மூச்சுல குடிச்சுட்டு, உடனே பயந்த மாதிரி என்னைப் பாக்குது. எதுக்குப் பயம்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியலை. அன்னையிலேர்ந்து பிரேயருக்கும் வர வேண்டாம், கிளாஸ்லயே உக்காந்துக்கோன்னுட்டேன்.

கொஞ்சம் அந்த ஃபேனைக் கூட்டி வைக்கச் சொல்லுங்களேன். தொண்டை வரளுது. வேண்டாம், வேண்டாம், தண்ணி வேண்டாம்னேனே.

இப்ப யாரைக் கூப்பிட்டான்? ராஜாமணியா? சரி, சரி.

அரைப் பரீட்சை லீவுக்கு முன்னாடி ஒரு நாள் சாயங்காலம். எல்லாப் பிள்ளைங்களும் போயாச்சு. நான் ரூமைப் பூட்டப் போறேன், அது வந்து நிக்குது. சாவி வேணுமான்னேன். இல்ல மேடம், ஒண்ணு கேக்கணும்னுச்சு. கேளுன்னேன். அட்டெண்டன்ஸ்ல என்னை ஒரு தடவை கூப்பிடச் சொல்லுங்க மேடம்னுச்சு. அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட முடியாதுன்னுதான் ஏற்கெனவே முடிவாயிருச்சேன்னேன். அந்தப் பேரு வேண்டாம் மேடம், பழைய பேரே போதும், எந்தப் பேரா இருந்தாலும் பரவாயில்லை, நான் உள்ளேன்னு சொல்லணும்னுச்சு.

உனக்காக இவ்வளவு செஞ்சிருக்கேன், இன்னும் என்ன குறைன்னேன். உன்னைத்தான் டீச்சர் தினமும் பாத்துப் போடுறாங்களே, ஒரு நாளாவது ஆப்சென்ட் போட்டாங்களான்னேன். இல்ல மேடம்னுச்சு. அப்புறம் என்னன்னேன். தேங்க்ஸ் மேடம்னு சொல்லிட்டுப் போயிருச்சு. நல்ல மரியாதை தெரிஞ்ச பிள்ளை. அதை ஒப்புக்கணும்.

இதுக்கப்புறம்தான் எனக்கு நடந்த அநியாயம்.

அவங்க அம்மா வளர்மதி, திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேலை. மாசத்துக்கு ஒரு தடவைதான் ஊருக்கு வரும். அப்பன் கிடையாது. பிள்ளை பக்கத்துலயே சித்தப்பன் வீட்டுல சாப்பிட்டுக்கிட்டு இருந்துச்சு. பொங்கல் கழிஞ்சு, தை மாசக் கடைசின்னு நினைக்கிறேன், அந்த அம்மா என் ரூமுக்கு வருது. கையில ஒரு பொட்டலம். கம்பெனியில தைச்ச டீ-ஷர்ட்டாம், பிள்ளைக்கு. ரோஸ் கலர். யாருக்கும் தெரியாம எடுத்து வச்சேன் மேடம், ஆசைப்பட்டுக் கேட்டுச்சுன்னு சொல்லிச் சிரிக்குது. நேத்து வந்தேன், வீட்டுல காணோம், சித்தப்பன் வீட்டுல கேட்டா, உன்கிட்டத்தான் வந்திருக்கும்னு நினைச்சோம்ங்கறாங்க, ஸ்கூலுக்குத்தானே மேடம் வந்திருக்குன்னு கேக்குது.

நான் பெருமையாச் சொன்னேன், உன் பிள்ளை ஒரு நாள் லீவு போட்டதில்லை, தெரியுமான்னு. லீவு விட்டுத் திறந்ததுலேர்ந்து ஒரு ஆப்சென்ட் கிடையாது. வா, நானே காட்டுறேன்னு கூட்டிக்கிட்டுப் போனேன்.

ஜாஸ்மின் டீச்சர் போர்டுல கணக்குப் போட்டுக்கிட்டு இருக்காங்க. நான் போயி அந்தக் கதவை இழுத்து விலக்கினேன்.

பெஞ்சு காலியாக் கிடக்குதுங்க. மேல தூசி. யாரோ பழைய மேப்பைச் சுருட்டி அதுமேல வச்சிருக்கான்.

எங்கடான்னு பசங்களைக் கேட்டா, ஒரு பொடியன் எந்திரிச்சுச் சொல்றான், அது வந்து ரொம்ப நாளாச்சு மேடம். பொங்கலுக்கு அப்புறம் வரவே இல்லை மேடம். ஏண்டா சொல்லலைன்னா, யாரும் கேக்கலையே மேடம்ங்கறான்.

அந்த அம்மா அழும், என்னைப் பிடிச்சுத் திட்டும்னு நினைச்சேன். ஒண்ணும் பண்ணலை. போயி அந்தப் பெஞ்சைச் சேலைத் தலைப்பால துடைச்சுச்சு. துடைச்சுட்டுப் பொட்டலத்தை அதுமேல வச்சுச்சு. அப்புறம் என்ன நினைச்சுச்சோ, மறுபடி எடுத்துக்கிட்டுப் போயிருச்சு.

ஜாஸ்மின் டீச்சரைக் கூப்பிட்டுக் கேட்டேன். என் மேஜையிலேர்ந்து பாத்தா கதவு மறைக்குது மேடம், நல்ல பிள்ளை, இருக்கும்னு நினைச்சுப் போட்டுட்டேன் மேடம்னு அழுறாங்க. ஒரு தடவை பேரைக் கூப்பிட்டிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும், நீங்கதானே கூப்பிடக் கூடாதுன்னு சொன்னீங்கன்னு எதிர்த்துப் பேச்சு வேற. நான் விட்டேனா? கூப்பிடாதீங்கன்னுதான் சொன்னேன், பாக்காதீங்கன்னா சொன்னேன்? மெமோ குடுத்துட்டேன். விதி சரியாத்தான் இருந்துச்சு. நடத்தினவங்க சரியில்லை. அவ்வளவுதான்.

போலீஸ்ல சொல்லி, தேடி, என்னென்னவோ பண்ணாங்க. கடைசில அதுவே ஃபோன் பண்ணிருச்சாம் அவங்க அம்மாவுக்கு. எங்கேயோ வெளியூர்ல, அது மாதிரி நாலு பேரோட சேர்ந்து இருக்கு, சமையல் வேலைக்குப் போகுதாம். படிப்பு போச்சு. கணக்குல புலின்னேனே, அந்தப் பிள்ளை. எனக்கு வயிறு எரியுதுங்க. நினைச்சா இப்பவும் எரியுது.

போன வருஷம் பஸ் ஸ்டாண்டுல வளர்மதியைப் பாத்தேன். நானாப் போயிப் பேசினேன். நல்லா இருக்கா பிள்ளைன்னேன். இருக்கு மேடம், வாராவாரம் பேசும்னுச்சு. நீ என்ன சொல்லிக் கூப்பிடுறேன்னேன். நிரஞ்சனான்னுதான் மேடம், நான் வச்ச பேருதானேன்னுச்சு. சரின்னேன். என்னைப் பத்தி எப்பவாச்சும் கேக்குமான்னேன். இல்ல மேடம்னுச்சு.

பொய்யாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா? நான் ரிட்டயர் ஆன அன்னைக்கு எத்தனை பிள்ளைங்க வந்து கால்ல விழுந்துச்சுங்க தெரியுமா? அந்தப் பிள்ளை வரலை. தனி பெஞ்சு, தனி பாத்ரூம், தனி இடம். யாருக்குச் செஞ்சேன்? இப்ப மாடியில உக்காந்துக்கிட்டு அதையேதான் நினைச்சுக்கிட்டு இருக்கேன். பகல் பூரா வேற என்ன வேலை? சில நாள் சாயங்காலம் வரைக்கும் என் குரலை நானே கேக்கறதில்லைங்க. அதனாலதான் இங்க நேர்ல வர்றது. வருஷத்துக்கு ஒரு தடவை அந்த ஜன்னல்லேர்ந்து முழுப் பேரையும் சொல்லிச் சத்தமாக் கூப்பிடுவான், மங்கையர்க்கரசி, கல்வித் துறைன்னு. எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. நான் எந்திரிச்சு நின்னு, உள்ளேன் ஐயான்னுவேன். பழக்க தோஷம். அவனும் சிரிப்பான், நானும் சிரிப்பேன். அதுக்காக நேத்தே இந்தச் சேலையை எடுத்து இஸ்திரி போட்டு வச்சேன்.

இருங்க, அந்தத் தம்பி இந்தப் பக்கம் வர்றான். என் புத்தகம் மாதிரி இருக்கே கையில?

என்ன தம்பி? ஆமா, நான்தான் எச்.எம். அம்மா. என்ன இது, புத்தகத்தைத் திருப்பிக் குடுக்கறீங்க? முடிஞ்சுருச்சா? எப்ப முடிஞ்சுது, என்னைக் கூப்பிடவே இல்லையே? பாத்துட்டீங்களா? ஜன்னல்லேர்ந்தே பாத்துப் போட்டுட்டீங்களா?

வயசானவங்க, சிரமம் வேண்டாம்னா? எனக்கென்ன தம்பி சிரமம்? நான் நல்லாத்தான் இருக்கேன்.

இல்ல தம்பி. அது சரியில்லை. திரும்பிப் போயி ஜன்னல்ல உக்காந்துக்கிட்டுக் கூப்பிடுங்க. பாத்துட்டாப் போதுமா? ஆளு இருக்குன்னு நீங்க பாத்துட்டீங்க, சரி, நான் எப்பச் சொல்றது? ஒரே ஒரு தடவை தம்பி. நீட்டமான பேரு, வாயில நுழையலைன்னா அரசின்னு கூப்பிடுங்க. மங்கைன்னு கூப்பிடுங்க. எந்தப் பேரா இருந்தாலும் பரவாயில்லை தம்பி, நான் உள்ளேன்னு சொல்லணும்.

என்னங்க, நீங்க ஏன் என்னை அப்படிப் பாக்கறீங்க? நான் இப்ப என்ன தப்பாக் கேட்டுட்டேன்?